கேபினுக்கு வெளியே கழற்றி வைத்த பூட்ஸ்

எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை.

புது டிராக்டரின் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு பழம் வைத்திருந்தேன். வண்டியை முன்னால் எடுத்ததும் அது நசுங்கி, சாறு தெறித்து, திருஷ்டி கழிய வேண்டும். நம் ஊரில் சைக்கிள் வாங்கினால்கூட அப்படித்தான். ஆனால் முந்தின நாள் வாங்கிய பழங்களை நான் ராத்திரி முழுக்க வாசலிலேயே விட்டுவிட்டேன். காலையில் எடுத்தபோது ஒவ்வொன்றும் கருங்கல் மாதிரி இருந்தது. டயர் ஏறியதும் பழம் பனிக்குள் அமுங்கிப் போனது. வண்டியை நகர்த்திவிட்டு இறங்கிப் பார்த்தால், நாலும் முழுசாக, மஞ்சளாக, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தன.

கையில் போனைப் பிடித்தபடி இதையெல்லாம் என் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தாள்.

"ஏங்க, நசுங்கலியே" என்றாள் தனம். முகம் சுருங்கிவிட்டது.

அவள் பக்கத்திலிருந்து, எங்கள் மாடியில் தங்கியிருக்கும் லீசாம்மா எட்டிப் பார்த்தார். "ஐஸ் ஆயிடுச்சு தனம். எப்டி நசுங்கும்? விடு."

"நீங்க சும்மா இருங்க லீசா. இது விடற விஷயமில்ல. ஏங்க, ஒரு பழத்த எடுத்து வெந்நீர்ல போட்டு, திரும்ப வச்சு ஏத்துங்க."

போட்டேன். ஏற்றினேன். அது நசுங்கியது. அப்புறம்தான் அவள் மூச்சு விட்டாள்.

வெயிலுக்கு ஒருவர், பனிக்கு ஒருவர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஏழுமலை. பதினெட்டு வயதிலிருந்து டிராக்டர் ஓட்டினேன். உழவு, டிரெய்லர், மண் லோடு எல்லாம் பார்த்தவன். பிறகு செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டினேன். வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டோம்.

அந்த மாடிக்கு வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து தங்குகிறவர் லீசா. பின்லாந்துக்காரர், என் வயது. முதல் தடவை வந்தபோது 'வணக்கம்' மட்டும் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தனத்தோடு காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார். 'ஜாஸ்தி சொல்றீங்க' என்று அவர் ஆரம்பித்தால் காய்கறிக்காரரே சிரித்துவிடுவார்.

அவருடைய அண்ணன் பெக்காவுக்கு அங்கே பண்ணை. குளிர்காலத்தில் பண்ணையைச் சுற்றியுள்ள தனியார் பாதைகளில் பனி அள்ளுவதும் அவர்தான். முதுகில் ஆபரேஷன் ஆகி, டிராக்டரில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்த லீசாம்மா, ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் நேராகக் கேட்டார்.

"ஏழுமலை அண்ணா, நீங்க எங்க ஊருக்குப் போய் பனி அள்ளுவீங்களா?"

நான் தனத்தைப் பார்த்தேன். அவள், "இவரு ஃபிரிட்ஜ் தொறந்தாலே தும்முவாரு" என்றாள்.

ஆனாலும் போனேன். விசா வாங்கிய கூத்தைப் போன வாரம் எழுதிவிட்டேன். ஆக, அந்த ஊர்க்காரர் வெயில் காய என் வீட்டு மாடியில் இருந்தார். இந்த ஊர்க்காரன் பனி அள்ள அவர் வீட்டில் இருந்தேன். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் மூன்று மாதம் சிரித்தார்களாம்.

கண்ணாடி அறைக்குள் டிராக்டர்

அந்த வருஷம்தான் பெக்கா புது டிராக்டர் வாங்கியிருந்தார். சுற்றிலும் கண்ணாடி, மேலே கூரை, கதவு, பூட்டு. உள்ளே ஹீட்டர். சீட்டே சுடும். முதல் நாள் உட்கார்ந்ததும் என்னமோ ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். பெக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் ஓட்டிய டிராக்டர் எது? தலைக்கு மேல் ஆகாசம். சித்திரை மாதம் உழுதால் வாயில், காதில், மூக்கில் மண். சாயங்காலம் துப்பினால் எச்சிலும் செம்மண் நிறம். மழை வந்தால் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வோம். இங்கே என்னவென்றால், வெளியே உயிர் போகிற குளிர், உள்ளே நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மாதிரி, வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் பனியை வாரி, ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் காட்டுக்குள் வீசி எறிகிற எந்திரம். அந்த வெள்ளைப் பனி வில் மாதிரி வளைந்து போய் விழுவதை முதல் ஒரு வாரம் வாயைப் பிளந்து பார்த்தேன்.

பூஜை போட்டாயிற்று. ஸ்டீயரிங்கில் குங்குமம் வைத்தாயிற்று. கண்ணாடிக்குக் கீழே அண்ணாமலையார் படம் ஒட்டியாயிற்று. அதற்கப்புறம் நான் பூட்ஸோடு எப்படி உள்ளே ஏறுவேன்?

நம் ஊரில் லாரி டிரைவரைப் பாருங்கள், ஜேசிபி டிரைவரைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சீட்டில் உட்காருவார். சோறு போடுகிற வண்டி. நானும் அப்படியே. ஏறும் படியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கயிற்றால் கட்டி, பூட்ஸை அதில் போட்டுவிட்டு, இரட்டை சாக்ஸோடு உள்ளே ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

பெக்கா பார்த்தார். அந்த ஊரிலும் வீட்டுக்குள் செருப்புப் போட மாட்டார்கள் என்பதால், நான் புது வண்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று மகிழ்ந்துபோனார். ஆனால் பூட்ஸை வெளியே வைக்காதே, உள்ளே வை என்று கையைக் காட்டி மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் தலையை ஆட்டினேன். சாமி படத்துக்குக் கீழே பூட்ஸா? போய்யா, என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திமிருக்குத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அஞ்சு நிமிஷ வேலை

என் பாதைகளில் கடைசி வீடு ஓலவி என்கிற பெரியவருடையது. எண்பதுக்குப் பக்கம் வயது. தனியாக இருந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஒரு வேன் வந்து, ரத்தம் சுத்தம் செய்ய டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகும். அந்த மூன்று நாளும் மற்ற வீடு எப்படிப் போனாலும் அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும். பெக்கா எனக்கு முதலில் சொன்னதும் அதுதான், தினமும் சொன்னதும் அதுதான்.

ஒருநாள் இரவெல்லாம் பனி கொட்டி, காலையில் காற்றும் சேர்ந்துகொண்டது. நான் வழி திறந்துகொண்டே அவர் வீடு வரை போனேன். பின்னாலேயே வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டது. திரும்பும்போது, திறந்த வழியைக் காற்று மறுபடி மூடியிருந்தது. அதனால் நான் முன்னால் வாரிக்கொண்டே போக, வேன் எனக்குப் பின்னால் மெதுவாக வந்தது.

பாதிக் காட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். எந்திரம் நின்றுவிட்டது.

பனிக்குள் கிடந்த ஒரு மரக்கிளை சிக்கியிருந்தது. இந்த மாதிரி எந்திரத்தில் ஒரு போல்ட்டை வேண்டுமென்றே பலவீனமாக வைத்திருப்பார்கள். ஏதாவது சிக்கினால் எந்திரம் உடையாமல் அது உடையும். நம் ஊரில் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரிலும் உண்டு. கல்லுக்காட்டில் உழுது உழுது எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற வேலை. வேறு போல்ட், சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் கையிலேயே இருந்தன.

கதவைத் திறந்தேன். படியில் டப்பா இல்லை. அறுந்த கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கேயோ பனி மேட்டில் உரசி, பிய்ந்து விழுந்திருக்கிறது. அதன் மேல் காற்று பனியைக் கொட்டியிருக்கும். இனி பனி கரைகிற சித்திரையில்தான் கிடைக்கும்.

பின்னால் வேன். உள்ளே பெரியவர். அன்றைக்கு வெளியே மைனஸ் இருபத்து மூன்று. வேன் ஓட்டிய அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கி வந்திருப்பார். இல்லை, பெக்காவுக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். ஆனால் பூட்ஸைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் மூன்று தடவை சொன்னாரே. அதைவிட, நான் யார்? சித்திரை மாதம் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்த ஆள். தீ மிதித்த கால் இது. அஞ்சு நிமிஷம் பனியில் நின்றால் என்ன ஆகிவிடும்?

வேன் பக்கம் ஐந்து விரலைக் காட்டிவிட்டு இறங்கினேன்.

முழங்கால் வரை பனி. என் காலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஹீட்டரில் சூடாக இருந்த சாக்ஸில் பனி பட்டதும் கரைந்து ஈரமாயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்த ஈரமே உறைந்தது. முதலில் குத்தியது. அப்புறம் நெருப்பில் நிற்பது மாதிரி எரிந்தது. உடைந்த போல்ட்டின் பாதி ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதைத் தட்டி எடுக்க நேரமாயிற்று. கிளையைப் பிடுங்கி எடுக்க நேரமாயிற்று. நடுவில் வலி நின்றுவிட்டது. கால் பழகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

புது போல்ட்டை முடுக்கிவிட்டு, ஏறலாம் என்று படியில் காலை வைத்தேன். வைத்தது எனக்குத் தெரியவில்லை. மறுபடி வைத்தேன். அப்படியே சாய்ந்து பனியில் மல்லாந்து விழுந்தேன். கால் இரண்டும் மேலே. அப்போதுதான் வேனில் இருந்தவர்கள் என் சாக்ஸைப் பார்த்தார்கள்.

"வேணாங்க ஐயா"

அந்த அம்மாதான் என்னைத் தூக்கி வேனுக்குள் போட்டார். ஓலவி சாக்ஸை உரித்தார். விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளை. தட்டினால் சத்தம் வரும்போல் இருந்தன. நான் என் கால்களை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் தன் ஜாக்கெட்டைத் திறந்தார். ஸ்வெட்டரைத் தூக்கினார். உள்ளே பனியன், அதையும் தூக்கினார். என் இரண்டு காலையும் பிடித்து, தன் வெறும் வயிற்றில் வைத்து, துணியை மேலே இழுத்து மூடிக்கொண்டார்.

"வேணாங்க ஐயா. வேணாங்க. விட்டுடுங்க" என்று நான் கத்தினேன். தமிழில்தான். வேறு எந்த மொழியும் அப்போது வாயில் வரவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மேல் தெரியாமல் கால் பட்டால்கூட, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்க்காரன் நான். என் அப்பாவைவிடப் பெரியவர். அவர் வயிற்றில் என் கால். ஒற்றிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன், எட்டவில்லை. காலை இழுக்கப் பார்த்தேன். அவர் கணுக்காலை விடவில்லை. ஏதோ சொன்னார். அதட்டலா ஆறுதலா என்று எனக்குத் தெரியாது. அவர் உடம்பு ஒருதரம் குலுங்கியதை மட்டும் பார்த்தேன். அவ்வளவு குளிர்ந்திருக்கும் என் கால்.

அந்த அம்மா என் டிராக்டரில் ஏறி, மிச்ச பாதையைத் தானே திறந்து, வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் டிராக்டர் ஓட்டத் தெரியும்போல. டவுன் போகிற முக்கால் மணி நேரமும் என் கால் பெரியவர் வயிற்றிலேயே இருந்தது. பாதி வழியில் உணர்ச்சி திரும்பியது. கூடவே வலியும். கட்டெறும்புப் புற்றில் காலை விட்ட மாதிரி. நான் வெட்கத்தை விட்டு அழுதேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். வலித்தால் நல்லது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஒரு பக்கம் அழைத்துப் போனார்கள், என்னை ஒரு பக்கம். என்னால் அவருக்கு அன்றைக்குச் சிகிச்சை நேரம் தப்பிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

பத்து நாள்

டாக்டர் சொன்னது இதுதான். இடது கால் பிழைத்துவிடும். வலது காலில் மூன்று விரல் சந்தேகம். கறுத்தால் எடுக்க வேண்டும். பத்து நாள் பார்ப்போம்.

டிரைவருக்கு வலது கால் என்றால் பிரேக். வேறு எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது. போர்வையை விலக்கிப் பார்க்கப் பயந்துகொண்டு படுத்திருந்தேன்.

தனத்திடம் இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் பெக்கா தங்கையிடம் சொல்லிவிட்டார். போன் வந்தது.

"பூட்ஸ வெளில போட்டுட்டு வண்டி ஓட்டச் சொல்லி யாருங்க சொன்னா?"

"சாமி படம் இருந்துது தனம். குங்குமம் வச்சிருந்தேன்."

"சாமி கால்ல வுழச் சொல்லும். காலையே குடுன்னு எந்தச் சாமி கேட்டுது?"

அழுகிறாள் என்று தெரிந்தது. லீசாம்மா போனை வாங்கினார்.

"அண்ணா, நாந்தான் தப்பு. நாந்தான் உங்கள அனுப்பினேன்."

"அய்யோ லீசாம்மா, அப்டி சொல்லாதீங்க. நீங்க பூட்ஸ் வாங்கிக் குடுத்து அனுப்பினீங்க. நான்தான் போடல."

"தனமும் நானும் நாளைக்குக் கிரிவலம் போறோம். உங்க விரலுக்கு."

போனார்கள். பத்து நாளில் மூன்று முறை சுற்றினார்கள். இரண்டு பேருக்கும் பாதத்தில் கொப்புளம். அந்தக் கொப்புளத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள் தனம். 'இப்ப சமம்' என்று எழுதியிருந்தாள்.

ஓலவி தன் சிகிச்சை முடிந்ததும், வேன் கிளம்புவதற்குள், கையில் பஞ்சுக் கட்டோடு என் அறைக்கு வருவார். போர்வையைத் தூக்கி என் வலது காலைப் பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். என் கால் எப்படி இருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு தடவை உதட்டைப் பிதுக்கினார். அதற்கடுத்த தடவை, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விரல் பத்தும் பிழைத்தன. வலது சுண்டுவிரலில் நகம் போனது, அவ்வளவுதான். இப்போது பௌர்ணமிக்கு மலையைச் சுற்றும்போது சின்னக் கல் குத்தினாலும் அந்த விரல் மற்றதுக்கு முன்னால் கத்துகிறது. குத்தட்டும் என்று விட்டுவிடுகிறேன். பக்கத்தில் வருகிற தனம், "என்ன, வலிக்குதா?" என்பாள். "நல்லா வலிக்குது" என்பேன்.

குணமாகித் திரும்பியதும் புது பூட்ஸ் கேபினுக்குள்ளேயே, அண்ணாமலையார் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தது. மன்னிச்சுக்கோ சாமி என்று முதல் நாள் மட்டும் சொன்னேன். மிச்சக் குளிர்காலம் முழுக்க அந்த டிராக்டரில் ஓலவியின் பாதையை ஒருநாளும் தவறாமல் திறந்தேன். மற்ற வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கிளம்பும் நாள்

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தினம் அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். இரண்டு பேருக்கும் பேச மொழி இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. குடித்து முடித்தேன். நன்றி என்று அவர் மொழியில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு போயிருந்தேன். சொன்னேன். போதவில்லை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுந்து, அவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, அவர் பாதத்தைத் தொட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார், நான் எதையோ தவற விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார். பிறகு என் கை தன் காலில் இருப்பதைப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. ஓஹோ, இப்போது என் முறையா என்று நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே குனிந்து, ஒரு சாக்ஸை உருவினார். இன்னொன்றையும் உருவினார். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் என் முன்னால் நீட்டினார்.

இல்லைங்க ஐயா, நான் கும்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவும் தோன்றவில்லை.

தரையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சட்டையைத் தூக்கி, அந்த இரண்டு காலையும் எடுத்து என் வயிற்றில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தும் அவர் கால்கள் ஐஸாக இருந்தன. ரத்தம் சரியாக ஓடாத கால்கள். எத்தனை வருஷமாக அப்படி இருக்கின்றனவோ. என் கால் சாகக் கிடந்தபோது, இப்படிக் குளிர்ந்த உடம்பில் மிச்சமிருந்த சூட்டைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். வெளியே பெக்கா காரில் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அந்தக் கால்கள் சூடாகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.